பட்டி பூசி விற்ற பிரேம்



கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். சைக்கிள் ஓடாதவர்களும் வாசியுங்கள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை ஓடிக்கொண்டிருப்பான்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருவன், இப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறான். 2022 இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் வாப்பாவின் பழைய லுமாலா சைக்கிளில் டியூஷனுக்குப் போகத் தொடங்கியவன். பெற்றோல் வந்த பிறகும் அவன் சைக்கிளை விடவில்லை. சுபஹுத் தொழுதுவிட்டு அக்கரைப்பற்றைத் தாண்டிப் போய், வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடுவான். ரேஸ் ஓட வேண்டும் என்பது அவன் ஆசை. புதிய சைக்கிளை நினைத்தும் பார்க்க முடியாது. பக்கத்து ஊரில் செகன்ட் ஹேண்ட் கார்பன் பிரேம் சைக்கிள் ஒன்று விலைக்கு வந்தது. 2 இலட்சத்து 60 ஆயிரம். உம்மாவின் காப்பு இரண்டும் அடகுக்குப் போயின.

"சேர், நீங்க ஒருக்காப் பாருங்களேன்" என்று என்னைத்தான் கூட்டிப் போனார்கள். ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். கியர் மாற்றிப் பார்த்தேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது. "எடுங்க" என்று சொன்னவன் நான்தான், இத்தனை வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அதைச் சொல்லாமல் மற்றவர்களைப் பற்றிப் பேச எனக்கு வாய் இல்லை.

மூன்றாம் மாதம், ஏறி நின்று மிதிக்கும்போது கிறீச் என்று ஒரு சத்தம். கிராங் பூட்டும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, சீட்டுக்குப் போகும் குழாயில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு. பெயின்டைச் சுரண்டினோம். உள்ளே பட்டி. கராஜில் கார்க் கதவின் நெளிவை நிரப்புகிற அதே பட்டி. அதற்குக் கீழே என் சின்னவிரல் நீளத்துக்குப் பழைய வெடிப்பு. யாரோ தெரிந்தே நிரப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்.

விற்றவரிடம் போனோம். "பார்த்துத்தானே சேர் வாங்கினீங்க?" என்றார்.

பார்த்துத்தான் வாங்கினோம். நாங்கள் பார்க்கக் கூடாது என்றுதானே பட்டி பூசியிருக்கிறது? நீங்கள் பூசவில்லை, உங்களுக்கும் அப்படித்தான் வந்தது என்றால் அதையாவது சொல்லியிருக்கலாம். குறையை மறைத்து விற்பதைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதைப் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டவர்கள்தான் நாம் எல்லோரும். அதை இங்கே நான் படிப்பிக்கத் தேவையில்லை. எனக்குத் தெரிந்த பாடத்தை மட்டும் சொல்கிறேன்.

கார்பன் பிரேம் இரும்பு மாதிரி இல்லை. அது தலைமயிரை விடப் பத்து மடங்கு அளவுக்கு மெல்லிய நார்களால் ஆனது. அந்த நாரைத் துணி போல விரித்து, எபொக்சி ரெசினில் ஊற வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் படை வைத்து இறுக்கிச் சூடாக்கி எடுக்கிறார்கள். ஒரு படை நேராகப் போகும், அடுத்தது சரிவாகப் போகும். பாரத்தைச் சுமப்பது நார். ரெசின் அந்த நாரை இடம் மாறாமல் பிடித்து வைத்திருக்கிறது. நார் அறுந்த இடத்தில் பட்டி பூசுவது, அறுந்த நங்கூரக் கயிற்றுக்கு மேலே மெழுகு பூசுகிற வேலை. கயிறு முழுசாகத் தெரியும். போட்டைப் பிடிக்காது.

இரும்பு பிரேம் பெரும்பாலும் உடையுமுன் வளையும், ஆட்டம் காட்டும். கார்பன் அப்படி அவகாசம் தரும் என்று நம்பியிருக்க முடியாது. உள்ளே படைகள் பிரிந்து போய், வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும். ஒரு பள்ளத்தில் சில்லு இறங்கும்போது ஒரே அடியில் போய்விடும். நம்மட மெயின் ரோட்டில் சைக்கிளுக்கு என்று தனி வழி இல்லை. அவன் விழுந்தால் பின்னால் வருவது கொழும்பு பஸ்.

இதற்குப் பிறகு ஊர் சொன்ன புத்திமதி இருக்கிறதே, அதுதான் விற்றவரை விட என்னைச் சுட்டது.

ஒரு பக்கம், "கார்பன் வெடிச்சா குப்பைதான், வீசிட்டு அலுமினியம் எடு" என்றார்கள். பணக்கார நாட்டுப் பேச்சை நம்மட ஆட்களும் பேசுகிறார்கள். 2013 ஜூலை 12 ஆம் திகதி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்த எத்தியோப்பியன் எயார்லைன்ஸ் போயிங் 787 விமானத்தின் பின்பகுதியில் தீப்பிடித்தது. அந்த விமானத்தின் உடம்பு கார்பன் நாரால் ஆனது. அதையே திருத்தி, அதே வருடம் டிசம்பரில் மறுபடி பறக்க விட்டார்கள். ஆட்களை ஏற்றும் விமானத்தைத் திருத்தலாம், ஒரு பொடியனின் சைக்கிளைத் திருத்த முடியாதா? அமெரிக்காவில் கிரெய்க் கால்ஃபீ போன்ற பிரேம் செய்கிறவர்கள் பல வருடங்களாக இதை ஒரு தொழிலாகவே செய்து வருகிறார்கள்.

மறுபக்கம், "நீயும் பட்டி பூசி, பெயின்ட் அடிச்சி வித்துடு மகன், வந்த காசு வரட்டும்" என்றார்கள். சொன்னது ஒருவர் இருவர் இல்லை. தொழுகைக்கு முன் வரிசையில் நிற்கிறவர்களும் சொன்னார்கள். வீட்டுக்குள்ளேயே சொன்னார்கள். பிள்ளை என்னிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி. "சேர், வாங்குறவன் விழுந்தா?"

அந்தக் கேள்வியை இரண்டரை இலட்சத்துக்கு விற்றவர் ஏன் கேட்கவில்லை? "வித்துடு" என்று சொன்ன நாம் ஏன் கேட்கவில்லை?

பைபர் வேலை நமக்குத் தெரியாத வேலையும் இல்லை. கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். கல்லில் அடிபட்டு வந்த 18 அடி பைபர் போட்டை அங்கே எப்படித் திருத்துகிறார்கள்? அடிபட்ட இடத்தைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து எடுக்கிறார்கள். புதுப் படை பழைய படையில் ஏறி நிற்க இடம் வேண்டும் என்பதற்காக. பிறகு மேட் வெட்டி, ரெசின் பூசி, காற்றுக் குமிழ் இல்லாமல் உருட்டி, படை படையாக ஏற்றுகிறார்கள். பட்டியும் பெயின்டும் கடைசியில். ஓட்டைக்குப் பட்டியை மட்டும் பூசிக் கடலுக்கு விட எந்தப் போட்காரராவது சம்மதிப்பாரா? கடலுக்குப் போகிறவர் தன் உயிருக்குக் கேட்கிற வேலையைத்தான் நான் இந்தப் பிள்ளைக்குக் கேட்கிறேன்.

கார்பன் பிரேமுக்கும் முறை அதுதான், வேலை மட்டும் நுணுக்கமானது. கெட்டுப்போன நார் முழுவதையும் எடுக்க வேண்டும். பழைய படைகள் எந்தத் திசையில் போனதோ அந்தத் திசையிலேயே புதிய கார்பன் துணியை வைக்க வேண்டும். காற்றை உறிஞ்சியோ இறுகச் சுற்றியோ அழுத்தி, சொன்ன சூட்டில் சொன்ன நேரம் காய விட வேண்டும். தேய்க்கும் தூசி சுவாசப்பைக்கும் தோலுக்கும் கூடாது, மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம். போட் வேலைக்குப் பாவிக்கும் பொலியெஸ்டர் ரெசினை அப்படியே இதற்கும் பூசக் கூடாது, காய்ந்த எபொக்சியில் அது நன்றாகப் பிடிக்காது. "கடற்கரையில கொடுத்தா ஆயிரம் ரூபாயில முடியும்" என்று சொன்ன நானாவுக்கு இதுதான் பதில். அவர்களுடைய கை பழகிய கை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எபொக்சியும் கார்பன் துணியும் கொடுத்து முறையாகப் பழக்கினால் நாளைக்கு இந்தக் கரையிலேயே செய்வார்கள். இன்றைக்கு இல்லை.

எல்லாவற்றையும் திருத்தலாம் என்றும் நான் சொல்லவில்லை. முன் போர்க், ஹேண்டில், சீட் கம்பி ஆகியவை கார்பனாக இருந்து வெடித்தால் மாற்றத்தான் வேண்டும். நல்ல திருத்துநர்கள் அநேகமாக அதில் கை வைக்க மாட்டார்கள். போர்க் உடைந்தால் முகம்தான் முதலில் தரையில் படும்.

கொழும்பில் இந்த வேலை செய்கிற ஒருவரிடம் பிரேமின் படங்களை அனுப்பினோம். திருத்தலாம் என்றார். 45 ஆயிரம், பெயின்ட் தனி. இரண்டு காப்பும் அடகில் இருக்கும் வீட்டுக்கு அது சின்னக் காசு இல்லை.

செகன்ட் ஹேண்ட் கார்பன் வாங்கப் போகிறவர்கள் நான் செய்யத் தவறியதைச் செய்யுங்கள். ஒரு நாணயக் குற்றியால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் தெளிவாக ஒலிக்கும், படை பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். பொருத்துகளில் தடிப்பு கூட என்பதால் அங்கே சத்தம் மாறும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். குழாயின் நடுவில் திடீரென்று மாறினால்தான் சந்தேகம். இதில் எல்லாம் தெரிந்துவிடும் என்றில்லை, நிச்சயமாக அறிய அல்ட்ராசவுண்ட் பரிசோதனை வேண்டும். மற்ற இடத்தில் பெயின்ட் பழசாக இருந்து ஓரிடத்தில் மட்டும் புதிதாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். கேட்டதும் விற்பவர் கோபப்பட்டால் சைக்கிளை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

விற்ற சகோதரருக்கு. உங்கள் பெயரையும் கடையையும் நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு முழுக் காசையும் திருப்பித் தரச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. பிரேமை உங்களிடம் தந்தால் அடுத்த மாதம் இன்னொரு பிள்ளையின் கையில் அது பளபளக்கும். அதனால் பிரேம் எங்களிடமே இருக்கட்டும். திருத்தக் கூலி 45 ஆயிரத்தையும் பெயின்ட் செலவையும் கொழும்புக்கு அனுப்புகிற செலவையும் தாருங்கள். வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு நானும் பிள்ளையின் வாப்பாவும் வருகிறோம். உங்கள் கடையில் இன்னும் இரண்டு கார்பன் சைக்கிள் தொங்குகிறது. அவற்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய்க் குற்றி ஒன்று நான் கொண்டு வருகிறேன்.