ஒண்டிக்கட்டைக் காந்தம்

ஸ்கூல் லேபில் சட்டக் காந்தம் ஒன்று இருக்குமே, ஒரு முனையில் சிவப்பு பெயின்ட் அடித்தது. அதை நடுவில் பட்டென்று உடைத்தால் வடக்கு ஒரு துண்டிலும் தெற்கு ஒரு துண்டிலும் போய்விடும் என்றுதான் தோன்றும். போகாது சார். உடைந்த இடத்தில் புதுசாகத் துருவங்கள் முளைத்து, இரண்டு துண்டுமே முழுக் காந்தங்களாகிவிடும். நாலாக்குங்கள், எட்டாக்குங்கள், ம்ஹூம். கடைசியில் எலெக்ட்ரானில் போய் முட்டிக்கொள்வீர்கள். அதுவே ஒரு குட்டிக் காந்தம். அதற்கும் இரண்டு துருவம்.

மின்சாரத்தில் இந்தத் தொல்லை இல்லை. பாசிட்டிவ் தனிக்குடித்தனம், நெகட்டிவ் தனிக்குடித்தனம். காந்தத்துக்கு மட்டும் கூட்டுக்குடும்பம். ஆபீஸில் அடுத்த டேபிள் பேச்சிலரிடம் இதைச் சொன்னேன். "எல்லாரும் ஜோடியா, சார்? இதென்ன ஓரவஞ்சனை?" என்றார், கடுப்பாக.

1931-லேயே இதைப் பற்றி யோசித்தவர் பால் டிராக். ஒற்றைத் துருவம் இருக்கக்கூடாது என்று குவான்டம் இயற்பியலில் சட்டம் ஏதுமில்லை என்று காட்டினார். அதோடு விடவில்லை. தனியாகத் திரியும் எந்தத் துகளை எடுத்தாலும் மின்னூட்டம் ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஒன்றேகால், ஒன்றரை கிடையாது. ஏன்? பிரபஞ்சத்தில் எங்காவது ஒரே ஒரு ஒற்றைத் துருவம் இருந்தால் போதும், அதற்குக் காரணம் கிடைத்துவிடும் என்றது அவர் கணக்கு. இவ்வளவு அழகான கணக்கு வீணாகக்கூடாது என்று எனக்கே ஆசை.

அம்பது வருஷம் தேடியும் அகப்படவில்லை. 1981-ல், எண்பதை நெருங்கிய டிராக், அப்துஸ் சலாமுக்கு எழுதிய கடிதத்தில், இனி அது இல்லை என்றே நம்பத் தோன்றுகிறது என்று கையை விரித்துவிட்டார்.

சில மாதம் போயிருக்கும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிளாஸ் கப்ரெரா என்பவர் ஒரு பொறி வைத்திருந்தார். 5 சென்டிமீட்டர் விட்டத்தில் நாலே சுற்றுக் கம்பிச்சுருள். கடுங்குளிரில் மின்தடையே இல்லாத மீக்கடத்தி. சாதாரணக் காந்தம் அதன் வழியாகப் போனால், ஒரு துருவம் கிளப்பிய மின்னோட்டத்தை மற்றது அழித்துவிடும். ஒண்டிக்கட்டை போனால் மட்டும் மின்னோட்டம் ஒரு படி தாவி, அங்கேயே நிற்கும்.

தாவியது! டிராக் கணக்குப்படி எவ்வளவு தாவ வேண்டுமோ ஏறக்குறைய அவ்வளவு. தேதி 1982 பிப்ரவரி 14. ஆமாம், காதலர் தினம்.

கப்ரெரா தம்பட்டம் அடிக்கவில்லை. 151 நாள் காத்திருந்ததில் சந்தேகத்துக்குரிய கேஸ் ஒன்று என்று மட்டும் கட்டுரை எழுதினார். ஆளாளுக்கு அதைவிடப் பெரிய பொறிகளாக வைத்துப் பார்த்தார்கள். மறுபடி வரவேயில்லை. ஜெனீவா பக்கம் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்திலும் இதற்கென்றே ஒரு கருவி வைத்துத் தேடியிருக்கிறார்கள். இதுவரை இல்லை. ஒரே தடவை வந்ததை விஞ்ஞானம் கணக்கில் சேர்க்காது.

இதையும் பேச்சிலரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"காதலர் தினத்தன்னிக்குத் தனியா வந்திருக்கு. அப்புறம் தனியா வரவே இல்லை. புரியலையா சார்?" என்றார்.