'யூ' ஒருமை என்றால் 'ஆர்' எதற்கு?

ஆங்கில இலக்கணம் படிக்கத் தொடங்கியதும் நாம் எல்லாரும் மனப்பாடம் செய்யும் விதி ஒன்று உண்டு. எழுவாய் ஒருமையாக இருந்தால் வினையும் ஒருமை. எழுவாய் பன்மையாக இருந்தால் வினையும் பன்மை. 'ஹி கோஸ்', 'தே கோ'. இதைச் சொல்லி முடித்ததும் பாடம் முடிந்ததாக எண்ணுகிறோம்.

இயற்பியல் கற்பிப்பவனுக்கு ஒரு விதியைக் கண்டால் அதை அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் போகாது. இந்த விதியையும் சோதித்துப் பாருங்கள். 'ஐ' என்பது ஒரே ஒருவரைத்தான் குறிக்கிறது. ஆனால் 'ஐ கோஸ்' என்று சொல்வதில்லை. 'ஐ கோ' என்கிறோம். எதிரில் நிற்கும் ஒரே நண்பனிடம் பேசினாலும் 'யூ கோ', 'யூ ஆர்' என்றுதான் சொல்கிறோம். முதல் இரண்டு அளவீடுகளிலேயே விதி தவறிவிட்டது! ஹி, ஷி, இட் என்னும் மூன்று படர்க்கைப் பெயர்களுக்கு மட்டுமே அது பொருந்துகிறது. அதுவும் நிகழ்காலத்தில்தான். இறந்தகாலத்தில் 'வென்ட்' என்பது எல்லாருக்கும் பொது. 'வாஸ்', 'வேர்' என்ற ஓர் இணை மட்டும் அங்கே விலக்காக நிற்கிறது.

இத்தனை விலக்குகள் உள்ள விதியை ஆய்வுக்கூடத்தில் வைத்துக்கொண்டிருக்க மாட்டோம், திருத்தி எழுதுவோம். என் கருத்தில் அதை இப்படி எழுத வேண்டும்: ஆங்கிலத்தில் மூவிடப் பெயருக்குப் பின் வரும் வினை, ஆள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை, முன்னால் நிற்கும் சொல் எது என்று மட்டுமே பார்க்கிறது. 'ஐ' என்றால் 'ஆம்', 'யூ' என்றால் 'ஆர்'. அந்த 'யூ' ஒருவரா, ஒன்பது பேரா என்பது வினைக்குத் தேவையில்லாத செய்தி.

ஏன் இப்படி? பழைய ஆங்கிலத்தில் நம் 'நீ'யைப் போல ஒருமைக்கு 'தௌ' என்ற தனிச் சொல் இருந்தது. அதற்குத் தனி வினைகளும் இருந்தன: 'தௌ ஆர்ட்', 'தௌ ஹாஸ்ட்'. 'யூ' பலரைக் குறிக்கும் சொல்லாக இருந்தது. ஏறக்குறைய 13-ஆம் நூற்றாண்டிலிருந்து, மதிப்புக்குரிய ஒருவரையும் பன்மையில் அழைக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் பரவியது. பன்மைச் சொல் தன் பன்மை வினையையும் உடன் அழைத்து வந்தது. மரியாதை பெருகப் பெருக 'தௌ' தேய்ந்தது; 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுப் பேச்சிலிருந்து பெரும்பாலும் விலகிவிட்டது. இதை எதிர்த்தவர்களும் உண்டு. குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர், மனிதர் அனைவரும் சமம், ஒருவரைப் பன்மையில் அழைப்பது பொய்ப் புகழ்ச்சி என்று வாதிட்டனர். அவர்கள் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் வேறு இருவருடன் சேர்ந்து 1660-இல் இதற்காகவே ஒரு நூல் வெளியிட்டார். வழக்கு அவர் பக்கம் திரும்பவில்லை.

18-ஆம் நூற்றாண்டில் வேறொரு முயற்சி நடந்தது. ஒருவரைச் சொல்லும்போது 'யூ வாஸ்' என்றும், பலரைச் சொல்லும்போது 'யூ வேர்' என்றும் பலர் பேசினர், எழுதினர். கணக்குப்படி பார்த்தால் மிக நேர்த்தியான ஏற்பாடு! ஆனால் ராபர்ட் லௌத் 1762-இல் வெளியிட்ட இலக்கண நூலில் 'யூ வாஸ்' தவறு என்று கண்டித்தார். அதன் பின் அது எழுத்து வழக்கிலிருந்து மெல்ல ஒதுங்கியது.

இதெல்லாம் தமிழ் மாணவனுக்குப் புதியதன்று. 'ஆசிரியர் வந்தார்' என்று சொல்லும்போது எத்தனை ஆசிரியர் வந்தார்கள்? ஒருவர்தான். ஆனால் 'அர்', 'ஆர்' என்பவை பலர்பால் விகுதிகள். அம்மாவிடம் 'நீங்கள் எப்போது வருகிறீர்கள்?' என்று கேட்கும் பிள்ளை, பன்மைச் சொல்லையும் பன்மை வினையையும் ஒரே ஒருவருக்குத்தான் பயன்படுத்துகிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல். இலக்கண நெறியில் அடங்குவது அன்று எனத் தொல்காப்பியமே குறித்திருக்கிறது. 'அவர்' ஒருவருக்கு உரியதாகிவிட்டதால் பலருக்கு 'அவர்கள்' என்று இன்னொரு விகுதி சேர்த்தோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 'யூ'வுடன் 'ஆல்' சேர்த்து 'யால்' என்று பேசுவதும் இதே வேலைதான். 'யூ ஆர்' என்பதை விளக்க 'நீங்கள் இருக்கிறீர்கள்' என்பதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அதை வகுப்பில் சொல்லாமல் விடுகிறோமே என்பதே என் குறை.

'தே' என்ற சொல்லின் கதையும் இதே வழியில் செல்கிறது. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைக் குறிக்க 'தே' என்று சொல்வது 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் உண்டு. 'யாரோ குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்' என்று நாம் சொல்வதைப் போன்றது அது. பிற்கால இலக்கண ஆசிரியர்கள் பலர் அதைத் தவறு என்றார்கள், மக்கள் கேட்கவில்லை. இப்போது ஆண், பெண் என்ற இரு பிரிவிலும் தம்மைச் சேர்த்துக்கொள்ளாத சிலரும் தம்மை 'தே' என்று குறிக்கச் சொல்கிறார்கள். அமெரிக்க அகராதியான மெரியம்–வெப்ஸ்டர் 2019-ஆம் ஆண்டின் சொல்லாக 'தே'யைத் தேர்ந்தெடுத்தது. ஆள் ஒருவரே ஆனாலும் வினை 'தே ஆர்' தான்; 'தே இஸ்' அன்று. 'யூ' நடந்த பாதையில் 'தே' நடக்கிறது.

இனி, நம் மாணவர்களைப் படாதபாடு படுத்தும் 'எஸ்' எழுத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் ஆங்கில வினைகளில் பல விகுதிகள் இருந்தன. அவை ஒவ்வொன்றாக உதிர்ந்துபோய், நிகழ்காலப் படர்க்கை ஒருமைக்கு உரிய ஒன்று மட்டும் எஞ்சியது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் அதுவும் 'எத்' என்றே இருக்கிறது. வடபகுதிப் பேச்சில் வழங்கிய 'எஸ்' தெற்கே பரவி அதன் இடத்தைப் பிடித்தது. தமிழில் 'வந்தேன்' என்றாலே யார் என்று தெரிந்துவிடும், 'நான்' தேவையில்லை. ஆங்கிலத்தில் 'ஹி' என்று முன்பே சொல்லிவிடுவதால், பின்னால் வரும் 'எஸ்' புதிதாக ஏதும் சொல்வதில்லை. இங்கிலாந்தின் நார்ஃபக் பகுதிப் பேச்சு வழக்கில் 'ஷி கோ' என்பது இயல்பான வாக்கியம். ஸ்வீடிஷ் மொழியில் நான், நீ, அவள், நாங்கள் எல்லாருக்கும் ஒரே வினைவடிவம்தான். அங்கே யாருக்கும் பொருள் குழம்பவில்லை.

நமக்குக் குழப்பம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெயர்ச்சொல்லில் 'எஸ்' சேர்ந்தால் பன்மை. வினையில் 'எஸ்' சேர்ந்தால் ஒருமை! ஆகவேதான் 'த ரீடிங்ஸ் ஷோஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். இதற்கு எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். எழுவாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூவிடப் பெயர் ஒன்றை வையுங்கள். 'ரீடிங்ஸ்' என்றால் 'தே'; ஆகவே 'ஷோ'. 'த வேல்யூ ஆஃப் த ரீடிங்ஸ்' என்றால் 'இட்', ஆகவே 'ஷோஸ்'. 'ஈச் ஆஃப் த வயர்ஸ்' என்பதில் கம்பிகள் பல இருந்தாலும், பேச்சு ஒவ்வொரு கம்பியைப் பற்றியது. ஆகவே 'இட் இஸ்'.

தேர்வுத் தாளிலும் செய்முறைப் பதிவேட்டிலும் இந்த 'எஸ்' கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள், விடை தெரிந்திருந்தும் வாய்மொழித் தேர்வில் வாய் திறவாமல் நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். 'த கரன்ட் ஃப்ளோ' என்று சொன்னால் யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற அச்சம். மின்னோட்டம் எந்தத் திசையில், எதனால் பாய்கிறது என்று அந்த மாணவிக்குத் தெரிகிறதா என்பதே அங்கு என் கேள்வி. விட்டுப்போன 'எஸ்' எழுத்தைப் பிறகு பதிவேட்டில் பென்சிலால் சேர்த்துக்கொள்ள அரை நிமிடம் போதும்.