பறக்க மறுத்த தவளை

நெமிலிக்கு நீங்கள் போயிருக்கிறீர்களோ இல்லையோ, நான் அடிக்கடி போகிறவன். அரக்கோணத்தில் ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏற வேண்டும். 2019-ல் வேலூர் ஜில்லாவைப் பிரித்தபோது ராணிப்பேட்டை ஜில்லாவோடு போய்விட்ட ஊர். குசஸ்தலை ஆறு, பாலா திரிபுரசுந்தரியின் கோயில், சுற்றிலும் ஏரிகள். அம்பாளைத் தரிசிக்கப் போகிறவர்கள் பலர். மாமனார் வீட்டு வகையைத் தரிசிக்கப் போகிறவர்கள் சிலர். நான் இரண்டாவது ரகம்.

அங்கே என் மனைவியின் பெரியப்பா இருக்கிறார். எனக்கு மாமா முறை. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றிலும், பிறகு ஆம்பூரில் பூட்ஸ் செய்யும் இடத்திலுமாக முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே அவர் செய்த முதல் காரியம், நல்ல மூங்கில் கழியாகப் பார்த்து ஒன்று வெட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனதுதான்.

மாமா பிடிப்பது விரால். விரால் லேசுப்பட்ட மீன் அல்ல. தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அல்லி இலைக்கு அடியில் ஆடாமல் அசையாமல் படுத்திருந்து, தவளை ஒன்று மேலே நீந்திப் போனால் ஒரே பாய்ச்சலில் விழுங்கும். ஆகவே அதற்கேற்ற இரை உயிருள்ள தவளை என்பது மாமாவின் சித்தாந்தம். தவளையின் முதுகுத் தோலில் முள்ளை ஏற்றி, இலைகளுக்கு நடுவே குதிக்க விடுவார்.

சென்ற டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து மாமாவின் மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். நாலு வருஷத்துக்குப் பிறகு வருகிறார். மூன்று வாரம் லீவு. எட்டு வயதுப் பேரனை மாமா முதல் நாளே ஏரிக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கேதான் வந்தது வினை.

"தாத்தா, அதுக்கு வலிக்காதா?" என்று பையன் தவளையைப் பார்த்துக் கேட்டான்.

"வலிக்காதுடா கண்ணு. அதுக்கெல்லாம் பழக்கம்."

"இது இன்னிக்குத்தானே பிடிச்ச தவளை? எப்படிப் பழக்கம் ஆகும்?"

மாமாவுக்குப் பதில் தெரியவில்லை. பையன் அழவில்லை, ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது தட்டை எடுத்துக்கொண்டு பாட்டி பக்கமாய்ப் போய்விட்டான். அவ்வளவுதான். மாமா அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தை பிறகு என்னிடம் சொன்னாள்.

மறுநாள் மகன் சமாதானத் தூது வந்தார். பெட்டியிலிருந்து ஒரு குழாயை எடுத்தார். அதற்குள்ளே நாலு துண்டாக ஒரு தூண்டில் கோல். பொருத்தினால் ஒன்பது அடி. கையில் வைத்தால் காகிதம் மாதிரி கனம். அந்த ஊரில் ஃப்ளை ராட் என்கிறார்களே, அதுதான். உயிருள்ள இரை கிடையாது. இறகும் மயிரும் நூலும் வைத்து முள்ளிலேயே கட்டிய பொய்ப் பூச்சிதான் இரை. கொசு மாதிரி உண்டு, ஈ மாதிரி உண்டு. டப்பாவின் ஒரு மூலையில் மான் மயிரால் கட்டிய பொய்த் தவளைகூட ஒன்று இருந்தது. மாமா அந்தத் தவளையைக் கண்டதும் ஐம்பது வயது குறைந்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான். "வாங்க மாப்பிள்ளை, வந்து பாருங்க வேடிக்கையை!" என்று ஏரிக்கரைக்கு இழுத்துப் போனார்கள். கொசு மாதிரி பூச்சியைக் கட்டி மகன் வீசினார். ஆஹா, நூல் வானத்தில் கோலம் போட்டுக்கொண்டு போய் ஐம்பது அடி தள்ளி விழுந்தது. பிறகு மாமா தவளையைக் கட்டி வீசினார். தவளை பின்னால் போயிற்று. முன்னால் வரமாட்டேன் என்றது. கடைசியில் வந்தது. வந்து மாமாவின் காது மடலில் உட்கார்ந்தது.

நல்ல வேளையாக, முள்ளின் எதிர்முள்ளை மகன் முன்பே குறடால் அமுக்கி வைத்திருந்தார். ஒரு சொட்டு ரத்தத்தோடு கழன்று வந்துவிட்டது. இரண்டு விரற்கடை முன்னால் விழுந்திருந்தால் கண். இந்த விளையாட்டில் இறங்குகிறவர்கள் தொப்பியும் மூக்குக் கண்ணாடியும் இல்லாமல் இறங்கக் கூடாது.

"விலை உசந்த கோல்பா இது! எப்படித் தப்பு பண்ணும்?" என்று மகனுக்கு ஆச்சரியம். எனக்கும்தான். சென்னைக்குத் திரும்பியதும் தெரிந்தவர்களைக் கேட்டும், புத்தகங்களைப் புரட்டியும் பார்த்தேன். கோலின் மேல் குற்றமில்லை. அது கொலராடோ ஓடைகளில் டிரௌட் மீனுக்குப் பொடிப் பூச்சி வீசச் செய்த கோல். நம் நீலகிரியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரௌட் உண்டல்லவா? அவலாஞ்சி ஓடைக்கு அந்தக் கோல் மெத்தச் சரி. நெமிலி விராலுக்குச் சரியில்லை.

ஏன் என்பதுதான் சுவாரஸ்யமான சங்கதி. நம் சாதாரணத் தூண்டிலில் இரையின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை தூண்டிலில் அப்படியே தலைகீழ். நூல்தான் கனம், அது பூச்சியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். மாட்டு வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். சாட்டை நுனியில் ஒரு இறகைக் கட்டினால் இறகும் சேர்ந்து பறக்கும். பெரிய பஞ்சுருண்டையைக் கட்டிச் சொடுக்கிப் பாருங்கள்! உருண்டைக்குக் கனம் இருக்கிறதோ இல்லையோ, காற்று அதைப் பிடித்துக்கொள்ளும். சாட்டை பாதியில் துவண்டு விழும். தவளை கதையும் இதுதான். காற்றில் அது ஒரு குடை. தண்ணீர் குடித்துவிட்டாலோ குண்டு. மாமா தெரிந்த நகைக்கடையில் கொண்டுபோய் நிறுத்தே பார்த்துவிட்டார்: காய்ந்த தவளையைவிட நனைந்த தவளை ஏறக்குறைய இரண்டு மடங்கு!

ஆகவே, பெரிய பூச்சி வீசக் கோல் வாங்குகிறவர் கோலிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. முதலில் இரை எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டும். அதை இழுக்க எவ்வளவு கனமான நூல் வேண்டும் என்பது அடுத்தது. அந்த நூலை வீசும் கோல் எது என்பது கடைசிக் கேள்வி. இதற்கென்று நம்பர் வைத்திருக்கிறார்கள். பழைய காலத்தில் பட்டு நூலின் பருமனைப் பார்த்து எழுத்துக் கொடுத்தார்கள். நைலானும் பிளாஸ்டிக்கும் வந்தபின் ஒரே பருமனுள்ள நூல்கள் வேறு வேறு கனத்தில் இருந்தன. அதனால் 1960-களின் தொடக்கத்தில் நூலின் முதல் முப்பது அடியை நிறுத்து, அந்த நிறைக்கு நம்பர் கொடுக்கும் வழக்கம் வந்தது. கோலின் மேல் போட்டிருக்கும் நம்பர், அது எந்த நூலுக்கு ஏற்றது என்பதைத்தான் சொல்கிறது.

கிரெயின் கணக்கில் சொன்னால் நமக்குப் புரியாது. சவரன் கணக்கில் சொல்கிறேன்; வீட்டில் எல்லோருக்கும் புரியும். 5-ஆம் நம்பர் நூலின் முப்பது அடி சுமார் 9 கிராம், அதாவது ஒரு சவரனுக்கு ஒரு கிராம் கூட. 8-ஆம் நம்பர் ஒன்றே முக்கால் சவரனுக்குச் சற்றே குறைவு. 9-ஆம் நம்பர் இரண்டு சவரனுக்கு அரைக் கிராம் குறைவு. 10-ஆம் நம்பர் இரண்டேகால் சவரன். மகனுடைய கோல் 5-ஆம் நம்பர். ஒரு சவரன் நூலை வைத்துக்கொண்டு தவளையை இழுக்கப் பார்த்தால் எப்படி முடியும்?

"அப்படின்னா இந்தக் கோல்லியே ஒம்பதாம் நம்பர் நூலைக் கோத்துட்டா?" என்று மாமா போனில் மடக்கினார். தோல் தொழிலில் இருந்தவர் அல்லவா, இருக்கிற சரக்கை வீணாக்க மனசு வராது. ஒரு நம்பர் கூடுதல் என்றால் கோல் தாங்கும். நாலு நம்பர் கூடினால் கோல் வில்லாய் வளைந்துகொண்டே போகும். திரும்பி நிமிர்ந்து வீசாது. "சரி, பன்னிரண்டாம் நம்பரே வாங்கிட்டா?" என்றார். அது கடலில் பெரும் மீனுக்கானது. அரை மணி வீசினால் அறுபத்தைந்து வயதுத் தோள் கழன்றுவிடும். விராலுக்கும் பெரிய தவளைக்கும் 8 அல்லது 9, நீளம் ஒன்பது அடி என்பதே என் தீர்ப்பு. 8 வீசுவதற்கு இதம். ஆனால் மாட்டிய விராலை அல்லிக்கொடிக்குள் புகவிடாமல் இழுத்து வர 9-ன் முதுகெலும்பு உதவும். விரால் முதல் இழுப்பிலேயே கொடிக்குள் போய்விட்டால், பிறகு நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது ஏரியைத்தான்.

கடைக்காரர்கள் நுனி மட்டும் வளையும் விறைப்பான கோலைக் காட்டி ஆசை காட்டுவார்கள். தூரம் போகும் என்பது உண்மைதான். ஆனால் கனத்த பூச்சியை அவசரமாக வீசக் கூடாது. நூல் பின்னால் போய் முழுக்க நீளும் வரை காத்திருந்து, அகலமாக வளையம் போட்டு, நிதானமாக முன்னால் கொண்டுவர வேண்டும். நடுப் பகுதி வரை வளைகிற கோல் அந்த நிதானத்தைக் கைக்குச் சொல்லிக்கொடுக்கும். நூலிலும் தலைப் பக்கம் கனத்ததாகப் பார்த்து வாங்கலாம். பூச்சிக்கும் நூலுக்கும் நடுவே கட்டும் நுனி நரம்பு ஆறேழு அடி போதும். தடிமனாக இருக்கட்டும், விராலுக்குப் பல் உண்டு.

இந்த இடத்தில் ஒரு பழைய சமாசாரம். ஹென்றி சல்லிவன் தாமஸ் என்று ஒரு துரை சென்னை ராஜதானியில் தென் கன்னடக் கலெக்டராக இருந்தார். 1873-ல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். அதோடு விடவில்லை. நம் ஏரி குளங்களில் மீன் பிடிப்பதற்கென்றே 1887-ல் தனியாக இன்னொரு புத்தகம் போட்டார். இன்னொரு வேடிக்கை: அந்த நூற்றாண்டில் அமெரிக்கர்கள் ஃப்ளை கோல் செய்ய மூங்கிலைப் பிளந்து ஒட்டியபோது, அவர்களுக்குப் போன மூங்கிலுக்குப் பெயரே கல்கத்தா மூங்கில். பிறகுதான் சீனத்து மூங்கில் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் கண்ணாடி இழை, 1970-களில் கார்பன். மாமாவிடம் இதைச் சொன்னபோது தம் மூங்கில் கழியை ஒரு தரம் பெருமையோடு தடவிக்கொடுத்தார்.

கார்பன் என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கார்பன் கோலில் மின்சாரம் பாயும். நம் ஏரிக்கரைகளில் பம்பு செட்டுகளுக்குப் போகும் மின்கம்பி எத்தனை இடத்தில் தாழத் தொங்குகிறது! ஒன்பது அடிக் கோலை நிமிர்த்திக்கொண்டு அதன் கீழே நடப்பது யமனுக்குக் கடிதம் போடுவதுதான். நாங்கள் கோலைத் துண்டுகளாகவே எடுத்துப் போனோம். தலைக்கு மேலே கம்பி இல்லாத இடம் பார்த்த பிறகே பொருத்தினோம். இடி மின்னல் வேளையிலும் இதே விதி.

கோலுக்கு என்ன செய்தோம்? புதிதாக வாங்க நேரமில்லை. லீவில் ஆறு நாள்தான் மிச்சம். பழவேற்காட்டுப் பக்கம் கொடுவா மீன் பிடிக்கப் போகும் என் சென்னை நண்பர் ஒருவர் தம் 9-ஆம் நம்பர் கோலை இரவல் தந்தார். தவளையை மாமாவே செய்தார். தெரிந்தவர் மூலம் பூட்ஸ் தொழிற்சாலையிலிருந்து உள்ளடிக்குப் போடும் ரப்பர் ஸ்பாஞ்சுத் துண்டுகள் வந்தன. அது தண்ணீர் குடிக்காது, மிதக்கும். கால்களுக்கு மெல்லிய ஆட்டுத்தோல் வாரைத் தொங்கவிட்டார். பழைய தொழில் விடுமா? பார்க்க அழகுதான். ஆனால் பத்து நிமிஷத்தில் தோல் ஊறி, தவளை மறுபடியும் குண்டாகிவிட்டது. முப்பது வருஷம் தோலை ஊறப்போட்டவருக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று அத்தை கேட்டாள். மாமா பதில் பேசாமல் தோலைக் கழற்றிவிட்டு ரப்பர் பாண்டைக் கட்டினார். புல்லில் மாட்டாமலிருக்க முள்ளுக்கு முன்னால் ஒரு நரம்பு வளையம்.

மகேந்திரவாடி ஏரிக்குப் போனோம். மகேந்திர பல்லவரை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவர் பெயரால் அமைந்த மகேந்திர தடாகத்தைப் பற்றி அங்கே ஒற்றைப் பாறையில் குடைந்த கோயிலில் கல்வெட்டே இருக்கிறது. மீன் குத்தகை எடுத்தவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். ஏரி ஊருக்குச் சொந்தமானாலும் மீன் குத்தகைக்காரருடையது என்பதைத் தூண்டில்காரர்கள் மறக்கக் கூடாது. "ரப்பர் தவளைக்கா விரால் வரும்? தாராளமா போடுங்க!" என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

மாமா கரையில் நின்றார். பின்னால் வீசினார். காத்திருந்தார். "இன்னும் கொஞ்சம் பொறு தாத்தா... இப்போ!" என்றான் பையன். இரண்டு சவரன் நூல் மெதுவாக முன்னால் உருண்டு போயிற்று. அதன் பின்னாலேயே பச்சைத் தவளை, கால் இரண்டையும் விரித்துக்கொண்டு. நாற்பது அடி இருக்கும். அல்லி இலைகளுக்கு நடுவே 'தொப்' என்று விழுந்தது. பையன் கைதட்டினான்.

விரால்? அன்று மாலை ஒரு தரம் தண்ணீர் பிளந்தது. தவளை உள்ளே போயிற்று, மாமா இழுத்தார், தவளை மட்டும் வந்தது. அந்த மீன் இரண்டு கிலோ என்று மகன் சொல்கிறார். மாமாவைக் கேட்டால் ஐந்து என்பார். அன்று ராத்திரி பையன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, அது எவ்வளவு பெரியது என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.