புலியும் கண்ணனும்
கலைத்துப்போட்ட சொற்களை அடுக்கி வாக்கியமாக்கும் ஆங்கிலப் பயிற்சியைப் பிள்ளைகள் புதிர்போலப் போட்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஏன் அந்த வரிசை என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. 'கண்ணனைப் புலி துரத்தியது' என்றாலும் 'புலி கண்ணனைத் துரத்தியது' என்றாலும் ஓடுகிறவன் கண்ணன்தான். ஐ உருபு அவனோடு ஒட்டிக்கொண்டே போகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்திலும் இப்படி வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை தேய்ந்து உதிர்ந்தபின் அந்த வேலையில் பெரும்பங்கு வரிசையின் தலையில் விழுந்தது ('ஹி', 'ஹிம்' போன்றவற்றில் மட்டும் பழைய மிச்சம்). அங்கே இடம் மாற்றினால் கண்ணன் துரத்துவான், புலி ஓடும்! வினையைக் கடைசிவரை கையில் வைத்திருந்து பழகிய நமக்கு, எழுவாய் வந்ததுமே அதைப் போட்டுவிடுவதுதான் பெரும்பாடு. பயிற்சிக்கு முன் இந்தக் கதையைக் கரும்பலகையில் பத்து நிமிடம் சொன்னால் என்ன?