ஐப்பசி மழையில் மண்பாதை வழியே மூட்டை இறக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மகன் பழைய மினி வேன் ஒன்று வாங்கியிருக்கிறான். ஐப்பசி மழையில் சாமை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மண்பாதையில் இறங்கப் போகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. அவனுக்கு என்ன சொல்வது? - ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. சாமை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்து வருகின்றன. ஏறும்போது தவறினால் வண்டி நின்றுவிடும். இறங்கும்போது தவறினால் நிற்காது. தம்பிக்கு இவற்றைச் சொல்லுங்கள்.

முதலில் நேரம். இரவு பலத்த மழை பெய்திருந்தால் விடிந்ததும் கிளம்ப வேண்டாம். பனிமூட்டம் விலகி, பாதை ஒரு வெயில் காணட்டும். ஈரச் செம்மண் டயர் பள்ளங்களில் அப்பிக்கொண்டால் பிடிமானம் போய்விடும். சாமை ஒரு நாள் காத்திருக்கும்; மூட்டை நனையாமல் தார்ப்பாய் போட்டால் போதும்.

அடுத்து பாரம். மூட்டைகளைத் தாழ்வாக, இருபுறமும் சமமாக அடுக்கிக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். மூட்டை மேல் ஆட்கள் உட்காரவே கூடாது. சந்தைக்குப் போகும் பெண்கள் ஏறிக்கொள்வது வழக்கம்தான். ஆனால் வண்டி சாய்ந்தால் முதலில் விழுவது அவர்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. காப்பீட்டுத் தொகை பெறுவதும் சிக்கலாகும். நீங்களும் ஏறாதீர்கள் அம்மா.

எந்த கியரில் ஏறுவானோ, அதே கியரில் இறங்க வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதும், என்ஜினை அணைப்பதும் உயிருக்கு ஆபத்து. என்ஜின் நின்றால் பிரேக் பெடல் கல்லாக இறுகும். தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாசனை வந்தால் சமமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, தானாக ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பள்ளத்தாக்குப் பக்க விளிம்பை நம்பாதீர்கள். மேலே புல் இருக்கும். அடியில் மண் கரைந்திருக்கும். எதிரே வண்டி வந்தால் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. இறங்குபவர் நின்று வழிவிட வேண்டும். ஓடையில் தரை தெரியாமல் கலங்கல் தண்ணீர் ஓடினால் இறங்காதீர்கள். உங்கள் ஊரில் மழை விட்டிருந்தாலும் மேல்மலையில் பெய்துகொண்டிருக்கலாம்.

இனி ஊராருக்கு ஒரு வேலை. மண்பாதையைக் கெடுப்பது வண்டியைவிடத் தண்ணீர்தான். மழைக்கு முன் மலைப்பக்க வாய்க்காலில் சருகையும் மண்ணையும் அள்ளிவிடுங்கள். வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் பாதையில் ஏறி நடுவே குழி பறிக்கும். மேல்மண்ணும் கீழே உள்ள நிலங்களில் போய்ச் சேரும். சரியும் விளிம்பில் அரை அடிக்கு ஒரு தூராக வெட்டிவேர் நடுங்கள். ஈரமுள்ள இந்த மாதங்களே நடவுக்கு ஏற்றவை. வேர் நேராகக் கீழே இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நாற்று எங்கே கிடைக்கும் என்று உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

ஐப்பசியில் மலை பச்சைப்பசேல் என்று இருக்கும். பாறைக்குப் பாறை அருவி தெரியும். தம்பி அதையும் பார்க்கட்டும், வண்டியை அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு.