தூசியும் துணியும்

ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பெற்ற குழந்தையைக்கூட அப்படிக் குளிப்பாட்ட மாட்டார்கள்! ஆனால், உலர்ந்த துணியால் வண்டியைத் துடைக்க மாட்டார்கள். முதலில் தண்ணீர், பிறகுதான் துணி. தூசியில் பொடி மணல் இருக்கிறதல்லவா? அழுத்தித் துடைத்தால் பெயிண்டில் கீறல் விழும்.

இவர்களையும் மிஞ்சியவர்கள் ஜவ்வாது மலையில் இருக்கிறார்கள். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில், 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி ஒன்று 1986 முதல் நட்சத்திரங்களைப் பார்த்து வருகிறது. கண்ணாடியின் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு. அது மங்கினால் தேய்த்துப் பளபளப்பாக்குவதில்லை; பழைய பூச்சைக் கரைத்து நீக்கிவிட்டு, காற்றை வெளியேற்றிய தொட்டிக்குள் வைத்துப் புதுப் பூச்சு ஏற்றுகிறார்கள்.

நாமோ மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் பரபரவென்று துடைக்கிறோம்! இனிமேல் முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், சகோதரிகளே. உங்கள் கண்ணும் நட்சத்திரம் பார்க்க வேண்டியதுதானே?