கதிரவனுக்கும் தில்லி முத்திரையா?

தோழனே! கரிசல் காட்டுக் கதிரவன் எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. சிவகாசி வட்டாரத்தில் அவன் வஞ்சனையின்றிக் காய்கிறான். அவ்வெயிலை நம்பித்தானே பட்டாசும் தீப்பெட்டியும் அங்கே தொழிலாயின! அதே வெயில் கிணற்று நீரையும் இறைக்குமெனில் மகிழாதார் யார்?

2019இல் தில்லி திட்டம் ஒன்று தந்தது. பெயர், ‘பிரதான் மந்திரி கிசான் ஊர்ஜா சுரக்ஷா ஏவம் உத்தான் மஹாபியான்’. சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்! சுருக்கிக் ‘குசும்’ என்றனர், குசும்புதான், ஐயமில்லை. சூரிய பம்புசெட்டின் விலையில் நூற்றுக்கு 30 தில்லி தரும். 30 மாநிலம் தரும். மிச்சம் 40 உழவன் தலையில்! அதிகம் கொடுப்பவன் உழவன்; பெயரோ பிரதமருக்கு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

வடகிழக்குக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் தில்லியின் பங்கு 50 என்றனர். தரட்டும், அழுக்காறு நமக்கில்லை. ஆனால், 2018இல் விருதுநகரைப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்ததும் இதே தில்லியன்றோ? பட்டியலில் இடமுண்டு, பணத்தில் இல்லையா?

இங்கும் 50 தந்தால் உழவன் பங்கு 20 ஆகும். நாற்பதைத் திரட்ட இயலாதவன் வானம் பார்க்கிறான். வானம் பொய்த்தால் அவன் மனையாள் பட்டாசு ஆலைக்கு நடக்கிறாள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனரே, அத்தகைய ஆலைக்கு!

கண்மாய்க்கரைக் கூட்டமாயினும் தேரடிக் கூட்டமாயினும் கேள், தோழனே: எங்கள் 50 எங்கே?